நல்லெண்ணெய் பாட்டிலுக்கு நீல லேபிள் பொருந்துமா?

கேள்வி: செக்கடி, திருமங்கலம்

வாகை மரச்செக்கில் நல்லெண்ணெய் ஆட்டி, இதுவரை வாசலுக்கு வருபவர்களின் தூக்குச்சட்டியில் அளந்து ஊற்றித்தான் விற்றுவந்தேன். இப்போது அதை ஒரு லிட்டர் பாட்டிலில் அடைத்து மதுரை மளிகைக் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கிறேன். லேபிள் வரைந்து கொடுத்த தம்பி, நீலம் நம்பிக்கையை ஊட்டும் என்றும் பாரத ஸ்டேட் வங்கியே அந்த நிறத்தைத்தான் வைத்திருக்கிறது என்றும் சொல்லி, முழுக்க அடர்நீலத்தில் செய்து தந்திருக்கிறார். சிவப்புதான் பசியைத் தூண்டும் என்கிறார் என் மைத்துனர். எள்ளின் நிறம் கருப்பு, அதையே வைத்தால் என்ன என்று கேட்கிறார் அம்மா. இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1: கோடும் நிறமும், அண்ணா நகர்

ஐயா, வங்கியையும் எண்ணெயையும் ஒரே தராசில் வைத்ததுதான் அந்தத் தம்பியின் பிழை. பாட்டம்லி, டாயில் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாட்டை முன்னிறுத்தும் பொருள்களுக்கு நீலமும், புலன்களுக்கு இன்பம் தரும் பொருள்களுக்குச் சிவப்பும் பொருத்தமாகக் கருதப்படுவதாகக் கண்டார்கள். ஒரு நிறத்துக்கு எங்கும் மாறாத ஒரே குணம் உண்டு என்று அதற்குப் பொருளில்லை. எந்தப் பொருளின் மேல் அந்த நிறம் நிற்கிறது என்பதே கேள்வி.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாராசூட்டின் நீல பாட்டிலைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய நம் ஊர்க் கண்களுக்கு, எண்ணெய் வரிசையில் நீலம் என்றாலே தேங்காயெண்ணெய்தான். இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய் தேடி வருபவர் உங்கள் பாட்டிலைத் தலைக்குத் தேய்ப்பது என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்.

பதில் 2: நான்கு வண்ண அச்சு, சிவகாசி

நிறத்தை முடிவு செய்யும் முன் லேபிளின் தாளை முடிவு செய்யுங்கள். எண்ணெய் பட்ட தாளில் இழைகளுக்கு இடையே உள்ள காற்றிடம் நிரம்பிவிடுவதால், ஒளி சிதறாமல் ஊடுருவி, தாள் கண்ணாடிபோலத் தெரியத் தொடங்கும். வெளிர் மஞ்சள் லேபிள் பத்து நாளில் அழுக்குத்துணியைப் போலாகிவிடும். பிளாஸ்டிக் படல ஸ்டிக்கரில் அச்சிட்டு மேலே லேமினேஷன் செய்துகொள்ளுங்கள். கணினித் திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கித்தான் வரும் என்பதால், ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, அதை எண்ணெய் நிரம்பிய பாட்டிலில் ஒட்டி, கடை டியூப்லைட்டின் கீழ் வைத்துப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள். வெற்று பாட்டிலில் ஒட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நல்லெண்ணெயின் பொன்பழுப்பும் உங்கள் வடிவமைப்பில் ஒரு நிறம்தான்.

பதில் 3: மளிகைக்காரர், கீழமாசி வீதி

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கருப்போடு சிவப்பைச் சேர்த்துவிடாதீர்கள். தேர்தல் நேரத்தில் பாட்டில் எந்தக் கட்சி என்று என்னிடம் கேட்பார்கள். முழுக் கருப்பும் வேண்டாம், ஏனென்றால் வெள்ளிக்கிழமை விளக்குக்கு வாங்குபவர்களும் இதே எண்ணெயைத்தான் வாங்குகிறார்கள். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அந்த ஆண்டு செழிக்கும் என்று நம்பும் ஊர் இது; பச்சையை யாரும் இங்கே வெறுக்கமாட்டார்கள்.

பதில் 4: கோடும் நிறமும், அண்ணா நகர்

பச்சையைத் தேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சைவ உணவுக்கான பச்சைப் புள்ளிக் குறி வேறுபட்ட பின்னணியில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி. எனவே அதற்கு வெள்ளைக் கட்டம் விடுங்கள். என் விருப்பம் வேறு: மஞ்சள் பின்னணி, கருப்பு எழுத்து, பச்சை மூடி. மஞ்சள்மேல் கருப்பைத் தொலைவிலிருந்தே படிக்க முடியும், அம்மாவின் எள்ளும் உள்ளே வந்துவிடும்.

செக்கடி, திருமங்கலம்

நன்றி. நீலத்தைக் கைவிட்டேன். மஞ்சளில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு மாதிரி அச்சிடச் சொல்லியிருக்கிறேன். மளிகைக்கார அண்ணாச்சி ஒப்புக்கொண்டால், இரண்டையும் அவர் கடையிலேயே ஒரு வாரம் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன்.