மறு: 'டெசிமேஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: 'குறுக்கம்' சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

'டெசிமேஷன்' என்பது நிறைய அளவுகள் கொண்ட தரவை வரைவதற்கு முன் அதன் புள்ளிகளைக் குறைப்பது. நம் கையேட்டுக்காக இதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. குளச்சல் நண்பர் 'கீழ்மாதிரியாக்கம்' என்றார், மார்த்தாண்டத்து அக்கா 'பதின்கழிப்பு' என்றார், நாகர்கோவில் தம்பி 'புள்ளிச்சுருக்கம்' என்றார். எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, நாகர்கோவில் தம்பி வரைபடம் வரையும்போது நினைவகம் போதாமல் பிழை வந்ததை முதலில் பார்க்க வேண்டும்.

அவரிடம் இருப்பது ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வேகம். ஒரே கம்பத்தில் மூன்று உயரங்கள், நொடிக்கு ஒரு அளவு, ஒரு வருடம். ஒரு உயரத்துக்கு மட்டும் 3,15,36,000 எண்கள். பைத்தான் மொழியில் எண்களைக் கையாளும் நிரலகமான நம்பையில் எண்ணுக்கு 8 பைட் வீதம் ஒரு அணி (எண்களின் வரிசை) சுமார் 250 எம்பி. நேரத்துக்கு ஒன்று, வேகத்துக்கு மூன்று, மொத்தம் 1 ஜிபி. 8 ஜிபி கணினி இதைத் தாங்கும். ஆனால் வரைபடம் வரையும் நிரலகமான மேட்பிளாட்லிப் ஒவ்வொரு கோட்டுக்கும் நேரத்தையும் வேகத்தையும் ஜோடி சேர்த்துப் புதிதாக ஒரு பிரதி எடுக்கிறது. திரையின் இடக்கணக்குக்கு மாற்றும்போது இன்னொரு பிரதி. மூல அணிகளோடு மூன்று கோடுகளின் பிரதிகளையும் சேர்த்தால் 4 ஜிபி ஆகிவிடுகிறது. பிரௌசரும் மற்ற நிரல்களும் திறந்திருந்தால் 'மெமரி எரர்' (நினைவகப் பிழை) வருவதில் வியப்பில்லை.

4 பைட் எண்ணாக மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. மூல அணி பாதியாகும், சரி. ஆனால் வரையும்போது மேட்பிளாட்லிப் அதை 8 பைட்டாகவே மாற்றிக்கொள்ளும். அதிலுள்ள, கோட்டை எளிமையாக்கும் அமைப்பும் பிரதிகள் உருவான பிறகுதான் வேலைக்கு வருகிறது. ஆகவே வரைவதற்கு முன்பே புள்ளிகளைக் குறைப்பதுதான் வழி. நம்பையின் மெம்மேப் என்ற வசதியைக் கொண்டு கோப்பை வட்டிலேயே வைத்துவிட்டு, துண்டு துண்டாகப் படித்துக் குறைத்தால் முழு அணியும் ஒருசேர நினைவகத்துக்கு வரவே வேண்டாம்.

எவ்வளவு குறைக்கலாம்? திரையின் அகலம் 1,920 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சல் பத்தியில் (ஒரு பிக்சல் அகலச் செங்குத்து வரிசையில்) 16,425 நொடிகள் அடங்குகின்றன, அதாவது நாலரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். அத்தனை அளவுகளில் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 16,425-க்கு ஒன்று என்று தாண்டித் தாண்டி எடுத்தால், சில நொடிகள் அடித்து ஓயும் காற்றுவீச்சு தப்பிப்போகும். சராசரி எடுத்தால் அது தட்டையாகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கரையோரம் போனதைப் பார்த்தவர்கள் நாம். அந்த நாளின் உச்ச வீச்சு காணாமல்போன வரைபடத்தை ஒரு மாணவர் நம்பிவிடக் கூடாது. பத்திக்கு ஒரு சிறுமம் (மிகக் குறைந்த அளவு), ஒரு பெருமம் (மிக உயர்ந்த அளவு) என்று இரண்டை மட்டும், வந்த வரிசை மாறாமல் வைத்தால் கோட்டுக்கு 3,840 புள்ளிகள் போதும். திரையில் கோடு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'பதின்கழிப்பு' பத்தில் ஒன்றைக் கழிப்பதைச் சொல்கிறது. நாமோ ஏறத்தாழ எல்லாவற்றையும் கழிக்கிறோம். 'கீழ்மாதிரியாக்கம்' ஆங்கிலத்தின் நிழல், எது கீழே போகிறது என்று வாசிப்பவருக்குப் புரியாது. 'சுருக்கம்' கோப்புகளை ஜிப் செய்வதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. ஜிப் செய்ததை விரித்தால் எல்லாம் திரும்ப வரும். இங்கே விட்டது விட்டதுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது.

என் முன்மொழிவு 'குறுக்கம்'. ஐகாரக்குறுக்கம் பள்ளியில் எல்லோரும் படித்தது. அங்கே எழுத்து இருக்கும், மாத்திரை குறையும். இங்கேயும் கோட்டின் வடிவம் நிற்கிறது, புள்ளிகள் குறைகின்றன.

சிறுமம், பெருமம் என்ற இரு முனைகளையும் காக்கும் முறைக்கு முதலில் 'முனைக்குறுக்கம்' என்று நினைத்தேன். ஆனால் ஐகாரக்குறுக்கத்தில் குறுகுவது ஐகாரமே. அந்தக் கணக்கில் முனைக்குறுக்கம் என்றால் முனையே குறுகிவிட்டது என்று பொருள்படும், நேர் எதிரான பொருள். அதனால் 'முனைக்காப்புக் குறுக்கம்'. நீளம்தான். முதல் இடத்தில் முழுப்பெயர், அப்புறம் 'குறுக்கம்' என்று எழுதிக்கொள்ளலாம். தாண்டித் தாண்டி எடுப்பதற்கு 'இடைவிட்ட குறுக்கம்', சராசரிக்கு 'சராசரிக் குறுக்கம்'. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும், எந்த முறையில் குறைத்தார்கள் என்பதும் பெயரிலேயே தெரியும்.

வினையாக 'குறுக்கு' என்று வரும்போது, நம் பக்கம் 'குறுக்கு வலிக்குது' என்று இடுப்பைச் சொல்வார்களே என்று யாராவது கேட்கலாம். 'அணியைக் குறுக்கு' என்ற தொடரில் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

கையேட்டின் நினைவகப் பிழைப் பகுதியில் இந்தச் சொற்களையே போடலாமா? மார்த்தாண்டத்து அக்காவின் கருத்தை முதலில் கேட்க விரும்புகிறேன். இலக்கணத்தில் நான் கவனிக்காதது ஏதும் இருந்தால் அவர் சொல்வார்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து