ஸ்டூல் வந்தது, உட்காரத்தான் முடியவில்லை: மேலாளர்களோடு உங்கள் அனுபவம் என்ன?

பட்டுப்பிரிவு:
கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய பிறகு எங்கள் ஜவுளிக்கடையிலும் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டார்கள். ஆடித் தள்ளுபடியின்போது ஒரு மாலை, கூட்டம் சற்றே ஓய்ந்த நேரத்தில், காலில் நரம்பு சுருண்டு வலியோடு நின்றுகொண்டிருந்த அக்கா ஒருவர் அதில் உட்கார்ந்தார். தள மேலாளர் வந்தார். ஸ்டூலைப் பார்த்தார், தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டார். அக்கா எழுந்துவிட்டார். திட்டியிருந்தாலாவது சட்டத்தைச் சொல்லிப் பதில் பேசியிருப்போம். இப்போது அந்த ஸ்டூல்களின் மேல் அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன.

முன்னாள் மேலாளர்:
மேலே எழுதியவர் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறார். முதலாளி தம் அறையில் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "இரண்டாம் மாடியில் யார் உட்கார்ந்திருப்பது?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் தள மேலாளர்தான். "நான்தான் உட்காரச் சொன்னேன்" என்று ஒருமுறை சொன்னேன். மறுபேச்சில்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த மாதம் எனக்கு ஊக்கத்தொகை வரவில்லை. காரணத்தையும் யாரும் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்காரர்:
எங்கள் மேலாளர் பொறுப்பேற்ற அன்றே தாமே ஸ்டூலில் உட்கார்ந்து பில்களைச் சரிபார்த்தார். அதன்பின் யாரும் தயங்கவில்லை. என் கதை அவ்வளவுதான், ஆனால் முன்னாள் மேலாளர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் பி. விஜியும் பெண்கூட்டு என்ற பெண் தொழிலாளர் அமைப்பினரும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 2018இல் அங்கே இந்த உரிமை சட்டமானது; அப்படிக் கிடைத்த உரிமை ஒரு முகச்சுளிப்பில் காணாமல் போகுமென்றால், பழி முதலாளிக்கு மட்டும் உரியதன்று. கடை திறக்கும் முன் நடக்கும் கூட்டத்திலேயே யார் எப்போது உட்காரலாம் என்று முறை வைத்து, அதை எல்லார் முன்னிலையிலும் அறிவித்துவிட்டால், உட்காருபவர் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார். முதலாளி கேட்டாலும் அந்த முறையைக் காட்டலாம். குறை சொல்ல வேண்டியிருந்தால் வாடிக்கையாளர் முன்னால் சொல்லாமல் தனியே அழைத்து, முதலில் உடல்நிலையை விசாரிக்க வேண்டும். பேசாமல் முறைத்துவிட்டுப் போவதைக் கண்டிப்பு என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

பட்டுப்பிரிவு:
அறிவுரைக்கு நன்றி, ஆனால் முறை வைக்கும் அதிகாரம் என்னிடம் இல்லையே. அக்கா பில் கவுண்டருக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே விற்பனைக் கமிஷன் கிடையாது. எல்லாரும் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள்.