ஏ.எஃப்.பி சரியென்றால் ஸ்கேனை விடலாமா?

வணக்கம். நாங்கள் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு ஈரலில் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். குடிப்பழக்கமே இல்லாத மனுசன். சீனி வருத்தமும் ஈரல் கொழுப்பும் செய்த வேலை. ஈரலில் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் ஏ.எஃப்.பி என்ற இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார் டொக்டர்.

இந்த முறை ஏ.எஃப்.பி 6 தான். அப்பா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இரத்தமே நல்லா இருக்கு, இனி எதுக்கு கண்டி வரைக்கும் பஸ்ஸில குலுங்கணும்?" என்கிறார். ஆனால் புற்றுநோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் பலருக்கு ஏ.எஃப்.பி கூடுவதே இல்லை. அதனால் ஸ்கேன் கட்டாயம் என்பது என் கட்சி.

ஈரல் புற்றுநோயைத் தேட பிவ்கா 2 என்று இன்னொரு இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை எடுத்தால் புற்றுநோய் இல்லாமலே அது கூடிவிடும். அப்பா இதயத்துக்கு வார்ஃபரின் எடுப்பவர், ஆகவே அதில் காசைக் கொட்ட விருப்பமில்லை.

கண்டியிலோ நுவரெலியாவிலோ ஏ.எஃப்.பி எல்3 (ஏ.எஃப்.பியில் ஒரு வகையைத் தனியாக அளக்கும் பரிசோதனை) எடுக்கும் லேப் யாருக்காவது தெரியுமா? எவ்வளவு முடியும்? அப்புறம், இப்படி அடம்பிடிக்கும் அப்பாமாரை என்ன சொல்லி ஸ்கேனுக்குக் கூட்டிப் போனீர்கள்? அதையும் எழுதுங்கள்.