பிள்ளைகள் போட்ட 'பீட்டர் பான்': பார்த்தவர்களும் பின்னால் நின்றவர்களும்

ஹாரோவிலிருந்து ஒரு அம்மா

என் மகள் போகும் இளைஞர் நாடகக் குழு இந்தத் தடவை 'பீட்டர் பான்' போட்டது. வளரவே மாட்டேன் என்று பறந்து திரியும் பீட்டர் என்ற பையனின் கதை. லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ஒரு சர்ச் ஹால். அந்தக் கூரையில் கம்பி கட்டிப் பிள்ளைகளைப் பறக்கவிட முடியாது. அப்படியானால் பீட்டர் எப்படிப் பறப்பான்? ஒத்திகை தொடங்கியதிலிருந்து பெற்றோருக்குள் இதே பேச்சுதான்.

1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியபோதும் ஊரை வாய்பிளக்க வைத்தது அந்தப் பறப்புதான். பார்த்துவிட்டுப் போன குழந்தைகள் கட்டிலில் ஏறிக் குதித்து அடிபட்டுக்கொண்டார்களாம். பெற்றோர் வந்து முறையிட்ட பிறகே, தேவதைத் தூள் மேலே பட்டால்தான் பறக்க முடியும் என்ற விஷயத்தைச் சேர்த்ததாக நாடகாசிரியர் ஜே. எம். பாரியே எழுதியிருக்கிறார்.

எங்கள் இயக்குநர் கம்பியை மறந்துவிட்டார். பெரிய பிள்ளைகளுக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை. பீட்டரோடு பறந்து போகும் சிறுமி வெண்டியையும் அவள் தம்பிகளையும் அவர்கள்தான் தூக்கிக்கொண்டு மேடை முழுக்கச் சுற்றினார்கள். தூக்குகிறவர்கள் நம் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறார்கள், ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர்களைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறோம். முதல் நாள் தம்பி ஜானைக் கிடைமட்டமாகத் தூக்கியதும் அவன் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கறுப்பு உடைக்காரப் பெண் ஒருத்தி சட்டென்று குனிந்து அதை எடுத்து, ஜானின் காலுக்கு ஒரு முழம் பின்னால் அதையும் பறக்கவிட்டுக்கொண்டே ஓடினாள். ஹாலே சிரித்தது. அடுத்த காட்சியிலிருந்து செருப்பு வேண்டுமென்றே கழன்றது! பெரிய தியேட்டர்களில் கம்பியில் பறப்பதைப் பார்த்திருக்கிறேன். என் ஓட்டு இந்தச் செருப்புக்குத்தான்.

நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஷாப்பரோன் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தேன். இங்கிலாந்தில் இதற்குக் கவுன்சில் அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம். கழிப்பறைக்கு அழைத்துப் போவது, மீசை மையைத் துடைப்பது, 'உஷ்' சொல்வது, இதுதான் வேலை. இடைவேளையில், கை போன இடத்தில் கொக்கி மாட்டிய கடற்கொள்ளைக்காரன் கேப்டன் ஹூக்காக நடித்த பையன் வந்து, கையில் கொக்கியோடு பிரிக்க முடியவில்லை ஆன்ட்டி என்று கிரிஸ்ப்ஸ் பாக்கெட்டை நீட்டினான். பிரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் அடுத்த காட்சியில் என்னமாய் உறுமினான் தெரியுமா!

ஈலிங்கிலிருந்து ஒரு அப்பா

எங்கட பக்கத்துக் குழுவும் போன வருடம் இதே நாடகம் போட்டது. என் மகன்தான் பீட்டரின் குட்டித் தேவதை டிங்கர் பெல். ஆனால் மேடையில் அவனை யாரும் காணவில்லை. பக்கத்திரைக்குள் நின்று, ஸ்பாட் லைட்டைச் சின்னக் கண்ணாடியில் வாங்கிச் சுவரில் ஓடவிட்டான். 1904-இலும் கிட்டத்தட்ட இதே வித்தைதான். கண்ணாடியில் பட்ட வெளிச்சமும் மணியோசையும்தான் டிங்கர் பெல். நிகழ்ச்சி நிரலில் மட்டும் அந்தப் பாத்திரத்துக்கு 'ஜேன் ரென்' என்று இல்லாத ஒரு நடிகையின் பெயரைப் போட்டிருந்தார்கள். மகனுக்கு இதைச் சொன்னதும் தன் பெயருக்குப் பதிலாக அதையே போடச் சொல்லி அடம்பிடித்தான்.

டிங்கர் பெல் சாகக் கிடக்கும் இடத்தில், தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று பீட்டர் சபையைப் பார்த்துக் கேட்பான். யாரும் தட்டாவிட்டால் என்ன செய்வது? பாரிக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. வாத்தியக்காரர்களைத் தட்டச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தார். தேவைப்படவில்லை. சபை தட்டிய தட்டில் பீட்டராக நடித்த நீனா பூசிகோ அழுதுவிட்டாராம்.

எங்கட காட்சியில் ஒரு சின்னப் பெடியன் எழும்பி, நான் நம்பவில்லை என்று கத்தினான். பக்கத்தில் இருந்த அக்கா அவன் இரண்டு கையையும் பிடித்து அவளே தட்டவைத்தாள். என் அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு விளங்காது, ஆனால் விடாமல் தட்டினார். காரில் ஏறியதும், பேரன் எங்கே நடித்தவன், நான் காணவில்லையே என்று கேட்டார். அந்த வெளிச்சம்தான் அம்மா என்றேன். அப்போ எல்லாரையும் விட அவன்தான் கூட ஓடினவன் என்றார்.

குழுக் கணக்குப் பார்ப்பவர்

யாராவது இந்த நாடகம் போட நினைத்தால் ராயல்டியை மறந்துவிட வேண்டாம். 1929-இல் பாரி 'பீட்டர் பான்' உரிமையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். அவர் இறந்து 50 ஆண்டு ஆகி, 1987-இல் பதிப்புரிமை முடிந்தது. மறு ஆண்டே முன்னாள் பிரதமர் ஜேம்ஸ் கேலஹன் முயற்சியால், பிரிட்டனில் நாடகம் போட்டால் மருத்துவமனைக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்று காலவரையின்றிச் சட்டமே வந்துவிட்டது. எங்கள் செலவுப் பட்டியலில் ஹால் வாடகை, விளக்கு, உடை என்று எல்லாவற்றையும் பிள்ளைகள் பேரம் பேசிக் குறைக்கச் சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போகும் அந்த ராயல்டித் தொகையை மட்டும் யாரும் தொடவில்லை.

முதலையின் பின்பாதி

கதையில் கடிகாரத்தை விழுங்கிவிட்டு ஹூக்கைத் துரத்தும் முதலை ஒன்று உண்டு. நான் நடித்தது அதன் பின்பாதி. எட்டிப் பார்க்க ஓட்டை கூடக் கிடையாது. கடிகாரச் சத்தம் வயிற்றுக்குள் ஒரு போனிலிருந்து வரும். ஒருநாள் நடுவில் அந்தப் போனுக்கு யாருடைய அம்மாவோ கால் செய்துவிட்டார். ஹூக் அசராமல், "இன்னும் எதையெல்லாம் விழுங்கினாய்?" என்று கேட்டுச் சமாளித்தான். முதலை இப்போதும் எங்கள் கராஜில்தான் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வால் மட்டும் தனியாக வரும், வேனில் வருவது நல்லது.