பணத்தில் யார் துணிகிறார்கள், யார் தயங்குகிறார்கள்? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பட்டுக்கோட்டைக்காரன்:
மியூச்சுவல் ஃபண்டு முகவராக இருக்கிறேன். புதிதாகக் கணக்குத் தொடங்க வருபவரிடம் சில கேள்விகள் கேட்போம், அதில் ஒன்று 'போட்ட பணம் 20 சதவீதம் குறைந்தால் என்ன செய்வீர்கள்?' என்பது. எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர் அதைக் கேட்டதும் எழுந்தே விட்டார். 'அது சூதாட்டம் தம்பி, நமக்கு வேண்டாம்.' சரி, இவர் பயந்த சுபாவம் என்று எழுதிவிடலாமா? 2012 முதல் 2019 வரை மேட்டூர் அணை ஒரு வருஷம்கூட பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 அன்று திறக்கவில்லை. அந்த வருஷங்களிலும் மனைவியின் நகையைச் சொசைட்டியில் வைத்து சம்பா நட்டுக்கொண்டுதான் இருந்தார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது, மறுபடியும் கடன் வாங்கித் தென்னங்கன்றுதான் வைத்தார், அது காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன! கேட்டதற்கு அவர் சொன்னது: 'மழை பொய்த்தால் வானத்தைத் திட்டலாம், ஊரே என்னோடு சேர்ந்து திட்டும். உன் ஃபண்டு கவிழ்ந்தால் என்னைத்தானே திட்டுவார்கள்?' எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. நஷ்டத்தைவிட, 'உனக்கு ஏன் இந்த வேலை' என்று வீட்டில் கேட்பதுதான் அவருக்குப் பெரிய பயம்.

ஈரோடு மாவட்டம்:
மேலே சொன்னது ரொம்ப உண்மை, ஆனால் ஊரே சேர்ந்து செய்தால் அந்தப் பயம் போய்விடும் என்பதற்கு எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். ஈமு கோழி. முன்பணம் கட்டினால் குஞ்சு, தீவனம், மாதாமாதம் பணம். பெரியப்பா ஒருவர், ஷேர் என்ற வார்த்தையைச் சொன்னாலே வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போகிறவர், அவரே காட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டினார். ஏன் என்றால் கோழியைக் கண்ணால் பார்த்தார், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் செக் வந்ததைப் பார்த்தார், டிவியில் சினிமா நடிகர்கள் வந்து சொன்னதைப் பார்த்தார். 2012இல் எல்லாம் கவிழ்ந்தது. கம்பிவேலிக்குள் தீவனம் இல்லாமல் அலைந்த கோழிகளை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, விற்கவும் ஆள் இல்லை. முதலீட்டு மோசடி வழக்குகளை விசாரிக்கும் கோயம்புத்தூர் டான்பிட் கோர்ட்டுக்கு நடந்தவர்களில் அவரும் ஒருவர். இதில் ஒன்று சொல்ல வேண்டும்: பெரியப்பா துணிந்து இறங்கினார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரிஸ்க் எடுக்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஷேரில்தான் ரிஸ்க், கோழியில் என்ன ரிஸ்க்?

சென்னை, ஐடி:
எங்கள் டீமில் இரண்டு கட்சி. மேனேஜர் 2008இல் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஜனவரியில் 21,000 தொட்ட பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்கும் கீழே போனதைப் பார்த்தவர். இன்றைக்கும் சம்பளம் வந்தால் எஃப்டி. பையன்கள் 2020 மார்ச் 23க்குப் பிறகு உள்ளே வந்தவர்கள். அன்றைக்கு ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது, ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் அதற்கப்புறம் ஏறியதைத்தான். அதனால் ஆப்ஷன்ஸ், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று குறுகிய காலத்துக்குக் கட்டுகிற பந்தயம் மாதிரி. அதன் கெடு முடிகிற எக்ஸ்பைரி நாள் மதியம் மீட்டிங்கில் ஒருத்தன் கண்ணும் ஸ்லைடில் இருக்காது. 2021–22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டதை குரூப்பில் போட்டேன். 'அப்போ நான் அந்த 7 பேரில் ஒருத்தன்' என்று பதில், கூடவே சிரிக்கும் பொம்மை. மால்மெண்டியர், நாகெல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் குடும்பங்களை வைத்து இதையேதான் சொல்கிறது: தன் வாழ்நாளில் சந்தை மோசமாக இருந்ததைப் பார்த்தவர்கள் பிறகும் பங்குகளில் குறைவாகவே போடுகிறார்கள், சமீபத்தில் பார்த்தது இன்னும் கூடுதலாகப் பாதிக்கிறது. புத்தகத்தில் படித்த சரிவு ஒட்டாது போல.

மதுரை டீச்சர்:
வயசு, அனுபவம் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், எங்கள் ஸ்டாஃப் ரூமில் அப்படியே தலைகீழ். ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் சார்தான் ஷேர் வாங்குகிறார், மனை வாங்குகிறார், போன வருஷம் பழைய காரை விற்று அந்தப் பணத்தையும் உள்ளே விட்டார். சின்ன டீச்சர் தங்கத்தைத் தாண்டி எதுவும் தொட மாட்டாள். காரணம் ஒரு தேதி. 2003 ஏப்ரல் 1க்கு முன்னால் சேர்ந்தவர் அவர், பழைய பென்ஷன், சாகும்வரை மாசம் பிறந்தால் பணம். இவள் சேர்ந்தது அதற்கப்புறம், சம்பளத்தில் பத்து சதவீதம் சிபிஎஸ் என்ற புதிய பென்ஷன் திட்டத்துக்குப் பிடித்தார்கள், கடைசியில் கைக்கு என்ன வரும் என்று தெரியாமலே வேலை பார்த்தாள். இருவரும் இடம் மாறிச் சேர்ந்திருந்தால் குணமும் மாறியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவரைத் தைரியசாலி என்றும் இவளைப் பயந்தாங்கொள்ளி என்றும் ஹெச்எம் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

கும்பகோணம்:
டீச்சர் சொன்னது சரி. எங்கள் தெரு ஏலச்சீட்டில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்திருக்கிறோம், ஒரே சீட்டு, ஒரே தவணை. அவள் இரண்டாம் மாதமே நிறையத் தள்ளி, அதாவது சீட்டுத் தொகையில் பெரிய பங்கை விட்டுக்கொடுத்து எடுத்து, இரண்டு தையல் மெஷின் வாங்கிப் போட்டு, வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கடைசிச் சீட்டு எடுத்தால் முழுத்தொகை வரும் என்று காத்திருக்கிறேன். எல்லோரும் என்னைத்தான் விவரமானவள் என்கிறார்கள். சீட்டு பிடிக்கிற அக்கா நடுவில் ஊரைவிட்டுப் போனால் மாட்டப்போவது யார்? நானா அவளா? இதைச் சொன்னால் 'அந்த அக்கா அப்படிப்பட்டவர் இல்லை' என்று நாத்தனாரே எனக்குத் தைரியம் சொல்கிறாள். அவள் வீட்டுக்காரர் துபாயில் இருந்து மாதம் தவறாமல் அனுப்புகிறார், மெஷின் ஓடாவிட்டாலும் அடுப்பு எரியும். அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.