புதுப்பிப்பு: டாண்டி பிளாப்பி டிரைவின் பதில் கிடைத்துவிட்டது

டாண்டி மாடல் 100 என்ற பழைய கையடக்கக் கணினிக்கும் அதன் 100 கேபி பிளாப்பி டிரைவுக்கும் நடக்கும் சீரியல் பேச்சைப் (பிட் பிட்டாகப் போய்வரும் தரவைப்) பதிவு செய்தால், கணினியின் கேள்வி மட்டுமே விழுகிறது என்று புலம்பியிருந்தேன் அல்லவா? தப்பு என்னுடையதுதான். சீரியல் கம்பியை இன்றைய கணினியின் யூஎஸ்பியில் சேர்க்கும் அடாப்டருக்குக் காது ஒன்றுதான். நான் கேட்டதோ ஒரே கம்பியை!

சென்னை ரிச்சி தெருவில் இன்னொரு யூஎஸ்பி சீரியல் அடாப்டர் வாங்கினேன். 25 பின் இணைப்பில் கணினி பேசும் 2-ஆம் பின்னை ஒரு அடாப்டரின் ஆர்எக்ஸுக்கும் (தரவைக் கேட்கும் முனை), டிரைவ் பேசும் 3-ஆம் பின்னை மற்றதன் ஆர்எக்ஸுக்கும் கொடுத்தேன்; 7, பொது கிரவுண்ட். இரண்டின் டிஎக்ஸையும் (தரவை அனுப்பும் முனை) தொடவே இல்லை. வேகம் நொடிக்கு 19200 பிட். கணினியின் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ‘இசட் இசட்’ என்ற இரண்டு எழுத்து, அப்புறம் டிரைவின் பதில்!

அடுத்து, டிரைவுக்குள் கூழான ரப்பர் பெல்ட்டை மாற்ற வேண்டும்.