ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: வீட்டுக் களத்தில் வைத்தே கிளட்ச் மாற்ற முடியுமா?

களத்துமேடு (கொழிஞ்சாம்பாறை)

வணக்கமுங்க. வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், 5 கியர் மேனுவல். மூணாவது, நாலாவது கியர்ல 2,000 ஆர்பிஎம்ல இருந்து முழுசா மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் துள்ளி ஏறுது, வேகம் கூட மாட்டேங்குது. ஆழியாறு தாண்டி வால்பாறை கொண்டை ஊசிகள்ல கருகல் வாடை வருது. பெடல் ரொம்ப மேல வந்துதான் பிடிக்குது. கியர் விழறதுல சிக்கல் இல்லீங்க. ஆனா நியூட்ரல்ல ஐடிலிங்ல லொடலொடன்னு ஒரு சத்தம். பெடலை மிதிச்சா நின்னுருது.

கீழ இறங்கி வேலை பார்க்கற குழி கிடையாது. தேங்காய் காயப்போடற சிமெண்ட் களம் இருக்கு, மேல தகரக் கூரை. 2 டன் டிராலி ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், ஒரு செயின் பிளாக் கைவசம் உண்டு. சாமான் கோயமுத்தூர்ல எடுத்துக்கலாம். என்னென்ன வாங்கணும், வீல் பக்கத்து ஹப் நட்டைக் கழட்டணுமா, பிளைவீலை (இன்ஜின் முனையில கிளட்ச் ஒட்டிச் சுத்தற கனமான வட்டு) லேத்துல முகம் பிடிக்கலாமா, இந்த மூணும் தெரிஞ்சா போதும்.

பெல்ஹவுசிங் (பொள்ளாச்சி)

நீங்க சொல்ற அறிகுறி கிளட்ச் நழுவல்தானுங்க. இந்த இன்ஜின் தன் முழு டார்க் 210 நியூட்டன் மீட்டரை 1,750 ஆர்பிஎம்லயே கொடுத்துரும். அதனால தேய்ஞ்ச பிளேட் டாப் ஸ்பீடுல மாட்டாது, டர்போ மூச்சு விடற அந்த இடத்துலதான் முதல்ல மாட்டும். சோதனைன்னு திரும்பத் திரும்ப மிதிக்காதீங்க. ஒவ்வொரு நழுவலும் பிளைவீல் முகத்துல நீலப் புள்ளி வைக்கும்.

ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துருங்க. சூடாகி நழுவற நேரத்துல வண்டிய நிறுத்தி, ஸ்லேவ் சிலிண்டரோட (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச் லீவரைத் தள்றது) பிளீடர் நிப்பிளை லேசா திறங்க. எண்ணெய் அழுத்தமா பீச்சி அடிச்சு, அதுக்கப்புறம் கிளட்ச் நல்லாப் பிடிச்சா, கோளாறு பிளேட்ல இல்ல. பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர்ல எண்ணெய் திரும்பி வர்ற ஓட்டை அடைச்சுக்கிட்டு, பெடலை விட்ட பின்னாலயும் அழுத்தம் உள்ளேயே நிக்குதுன்னு அர்த்தம். அதைப் பார்க்காம புது கிட் போட்டா அதுவும் கருகும்.

வாங்க வேண்டியது: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் ஒரே கிட்டா, ரிலீஸ் லீவர், அது உக்கார்ற பந்து முனை, கிளிப், இன்ஜின் பின்பக்க கிராங்க் ஆயில் சீல், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல், புது பிளைவீல் போல்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் போல்ட். லீவரை மட்டும் விட்டுராதீங்க. அது தகட்டுல அழுத்திச் செஞ்சது. பந்து முனை உரசி உரசி ஓட்டை போட்டுரும். விலை குறைஞ்ச சாமான்தான், ஆனா அது போச்சுன்னா மறுபடி மொத்த கியர்பாக்ஸையும் இறக்கணும். கடையில வண்டி மாடலைச் சொல்லி வாங்காம சேசிஸ் நம்பரைக் கொடுத்து வாங்குங்க. பழசு வெளிய வந்ததும் விட்டம், நடு ஓட்டைக்குள்ள இருக்கற ஸ்ப்லைன் பல் எண்ணிக்கை ரெண்டையும் புதுசோட வச்சுப் பாருங்க.

மதகடி (சித்தூர்)

ஹப் நட்டைத் தொட வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸ் ஓரத்தில் ஆறு போல்ட்டோடு பிளேஞ்சில் (வட்டத் தகடு) நிற்கிறது. தலை 12 முனை, சாதாரண ஆலன் கீ பொருந்தாது. அதற்கான பிட் (எம்8 அல்லது எம்10) வாங்கி, போல்ட் குழிக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டிவிட்டு, சுத்தியலால் பிட்டைத் தட்டி உட்காரவைத்த பிறகே திருகுங்கள். பாதி ஏறிய பிட்டைத் திருகினால் தலை வழுக்கிவிடும். அப்புறம் தலையை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.

உயரம் முக்கியம். ஜாக்கி மேல் கியர்பாக்ஸ் உட்கார்ந்தபடி முன்பக்கமாக வெளியே வர, பம்பரின் அடி தரையிலிருந்து 60 செ.மீ.யாவது இருக்கட்டும். ஸ்டாண்டு சிமெண்டில்தான் நிற்க வேண்டும், செம்மண்ணில் கால் இறங்கும். ஹாலோ பிளாக்கை அடியில் வைப்பது அறவே கூடாது. அது நொறுங்குமுன் எச்சரிக்காது.

வரிசை இப்படி: பேட்டரி, அதன் தட்டு, ஏர் பில்டர் பெட்டி, குறுக்கே வரும் டர்போ பைப். கியர் கேபிள் இரண்டையும் நீளம் சரிசெய்யும் மறையைத் தொடாமல், கியர்பாக்ஸ் பக்கத்து லீவரோடு சேர்த்து எடுத்து ஓரமாகக் கட்டுங்கள். ஸ்லேவ் சிலிண்டர் இந்த கியர்பாக்ஸில் வெளியே இருக்கிறது. இரண்டு போல்ட்டைக் கழற்றி, பைப்போடு அப்படியே கட்டித் தொங்கவிட்டால் எண்ணெய் லைனைத் திறக்கவே வேண்டாம். அதன்பிறகு பெடலில் ஒருவரும் கால் வைக்காதபடி சீட்டிலேயே ஒரு துணியைக் கட்டிவையுங்கள். மிதித்தால் பிஸ்டன் வெளியே எகிறும்.

ஸ்டார்ட்டர், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், ஸ்பீடு சென்சார், எர்த் ஒயர். பிறகு கியர் ஆயில். வடிக்கும் முன் நிரப்பும் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். 17 மி.மீ. ஆலன், பல வண்டிகளில் இறுகிப்போயிருக்கும். அது திறக்காமல் ஆயிலை வடித்துவிட்டால் வண்டி களத்திலேயே நிற்கும்.

இடது ஷாஃப்ட்டை வெளியே எடுக்க கீழ் பால் ஜாயிண்டின் மூன்று நட்டைக் கழற்ற நேரலாம். கழற்றும் முன் அதன் இடத்தைச் சுற்றி பெயிண்டால் கோடு போடுங்கள், இல்லாவிட்டால் சக்கரக் கோணம் மாறும். வலது ஷாஃப்ட்டை மேலே கம்பியால் கட்டினால் போதும். அந்த வலது பிளேஞ்சுக்குப் பக்கத்தில் பிளைவீலை மூடியபடி சின்னத் தகடு ஒன்று, ஒரே ஒரு சிறிய போல்ட்டில் நிற்கும். கியர்பாக்ஸை இன்ஜினோடு பிடிக்கும் எல்லா பெல் ஹவுசிங் போல்ட்டும் வந்த பிறகும் கியர்பாக்ஸ் அசையவில்லை என்றால் இந்தத் தகடுதான் காரணம். கடப்பாறை போட்டு நெம்ப வேண்டாம், அலுமினியம் விரியும்.

இன்ஜினை மேலிருந்து தாங்க, இரு பக்க மட்கார்டு கால்வாயில் பலகை வைத்து, அதன் மேல் குறுக்கே கனமான இரும்புக் குழாய் போட்டு, அதில் செயின் பிளாக்கை மாட்டுங்கள். கூரைத் தகரத்தைத் தாங்கும் பைப்பில் மாட்டக் கூடாது. கியர்பாக்ஸ் எடை நாற்பது கிலோ வரும், ஆள் இரண்டு வேண்டும். பிரியும்போது அதன் பாரம் ஒரு கணம்கூட இன்புட் ஷாஃப்ட் மேல் தொங்கக் கூடாது. மாட்டும்போது இது இன்னும் முக்கியம்: தொங்கினால் புது பிளேட்டின் நடு ஹப் கோணி, கிளட்ச் முழுசாக விடாது.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப்போடுங்கள்.

லேத்துக்கடை (கணபதி, கோவை)

பிளைவீல் விஷயம் மட்டும் நான் சொல்றேன். உங்க வண்டியில இருக்கறது இரட்டை பிளைவீல். ரெண்டு வட்டு, நடுவுல வில்லும் (ஸ்பிரிங்) கிரீஸும். இதை லேத்துல ஏத்தக் கூடாதுங்க. முகத்தைக் கடைசல் பிடிச்சா சூடு தாங்கற கனம் போயிரும், இரும்புத் தூள் உள்ளே போய் வில்லைத் தின்னும். எந்தப் பட்டறை "பண்ணித் தர்றேன்"னு சொன்னாலும் கொடுக்காதீங்க.

கையாலேயே சோதிக்கலாம். வெளி வட்டைப் பிடிச்சு வலமும் இடமும் திருப்பிப் பாருங்க. வில் எதிர்த்துத் தள்ளணும். எதிர்ப்பே இல்லாம லொட்டுன்னு ரெண்டு பக்கமும் முட்டுனா வில் செத்துருச்சு. ஓரத்தைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுனா நல்லா அசைஞ்சாலும், சுத்தி கிரீஸ் கசிஞ்சு தூளோட கறுப்பா ஒட்டியிருந்தாலும் மாத்தியே ஆகணும். நீங்க சொன்ன ஐடில் லொடலொட, பெடலை மிதிச்சா நிக்கறது, இது பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். ரிலீஸ் பேரிங்கா இருந்தா பெரும்பாலும் மிதிக்கும்போதுதான் சத்தம் வரும்.

ஒற்றை பிளைவீலுக்கு மாத்தறவங்க இருக்காங்க. விலை குறைவு, அடுத்த தடவை முகமும் பிடிச்சுக்கலாம். ஆனா அதுக்கு நடுவுல வில் வச்ச பிளேட்தான் போடணும், கிட் முழுசா வேற. நியூட்ரல்ல கியர்பாக்ஸ் சலசலன்னு பேசும், அது போகாது. என் கருத்து: டர்போ டியூனிங் ஏதும் செய்யாத வண்டிக்கு இரட்டையே போடுங்க. ரெண்டுல எதைப் போட்டாலும் போல்ட்டை பிளைவீலோடயே வாங்குங்க, நீளம் ஒத்து வரணும்.

களத்துமேடு

ரொம்ப நன்றிங்க. அப்ப இரட்டையே போட்டுக்கறேன். சீல்ல கசிவு இருந்தா அது இன்ஜின் பக்கமா கியர்பாக்ஸ் பக்கமான்னு எப்படித் தெரியும்? மாட்டறப்ப எங்க தப்பு நடக்கும்? இங்க இப்ப மழை வேற விடாம பெய்யுது.

பெல்ஹவுசிங்

மோந்து பாருங்க. கியர் ஆயில்ல கந்தக நெடி அடிக்கும், இன்ஜின் ஆயில் கறுப்பா, கருகல் வாடையா இருக்கும். கிராங்க் சீலோட உதடு டெப்லான்னா எண்ணெய் தடவாம உலர்ந்த கையால போடணும். ரப்பர் சீல் மாதிரி கிரீஸ் தடவிப் போட்டா கசியும்.

பிளைவீல் போல்ட் 60 நியூட்டன் மீட்டர், அதுக்கு மேல கால் சுற்று. ஒரு தடவை இழுபட்ட போல்ட், மறுபடி போடாதீங்க. கிளட்ச் கவர் போல்ட் சின்னது: எம்6ன்னா 13, எம்7ன்னா 20. ஒவ்வொண்ணையும் கால் சுற்று, கால் சுற்றா எதிரெதிரா இறுக்கணும். ஒரு பக்கமா இறுக்குனா கவர் வளைஞ்சு, வண்டி நகரும்போது உதறும். புதுப் பிரஷர் பிளேட்லயும் பிளைவீல்லயும் துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவித்தான் அனுப்புவாங்க. பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைங்க. மழைக்காலத்துல அந்த எண்ணெயைத் துடைச்ச முகம் ராத்திரியோட ராத்திரியா செம்பூத்துரும், அதனால மாட்டற அன்னைக்கே துடைங்க.

பிளேட்டை எந்தப் பக்கம் திருப்பிப் போடறதுன்னு சந்தேகம் வந்தா, அதுல அடிச்சிருக்கற குறியைப் பாருங்க. பிளைவீல் மேல வச்சுச் சுத்தியும் பாருங்க, ஹப் போல்ட் தலையில இடிக்கக் கூடாது. நடு மையத்துக்கு பிளாஸ்டிக் அலைன்மென்ட் கம்பி கிட்டோட வரும், இல்லாட்டி தனியா வாங்குங்க. ஸ்ப்லைன்ல கிரீஸ் தடவி, பிளேட்டை ஒரு தடவை ஓட்டி, வெளிய பிதுங்கினதைத் துடைச்சிருங்க. மிச்சம் இருந்தா சுத்தும்போது பிளேட் மேல தெறிக்கும். ரிலீஸ் பேரிங்கை பெட்ரோல்ல கழுவாதீங்க, உள்ள இருக்கற கிரீஸ் கரைஞ்சுரும்.

மதகடி

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டு டவல் புஷ் (இரண்டையும் மையத்தில் நிறுத்தும் சிறு குழல்) உண்டு. பிரிக்கும்போது ஒன்று கியர்பாக்ஸோடு போய்க் கீழே விழும். அது இல்லாமல் மாட்டினால் ஷாஃப்ட் மையம் விலகி, புது கிளட்ச்சும் உதறும். ஹவுசிங் போல்ட்டால் இழுத்து மூடவே கூடாது. கையால் தள்ளி, முகத்தோடு முகம் ஒட்டிய பிறகு எம்12 போல்ட்டை 80 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். ஒட்டாவிட்டால் ஐந்தாவது கியரில் போட்டு பிளேஞ்சைச் சற்றே திருப்புங்கள், ஸ்ப்லைன் விழும். ஷாஃப்ட் போல்ட் எம்8 என்றால் 40, எம்10 என்றால் அதைவிடக் கூடுதல், மேனுவலைப் பாருங்கள்.

கியர் ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4. சுமார் 2 லிட்டர், நிரப்பும் துளையில் வழியும் வரை. ஜிஎல்-5 வேண்டாம், சில ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மம் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ரிவர்ஸ் கரகரத்தால், பதறிக் கியர்பாக்ஸை இறக்காதீர்கள். முதலில் ஸ்லேவ் தண்டு லீவரின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து லைனில் காற்று. இந்த வண்டியில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் டாட் 4 பிரேக் ஆயில் ஒரே டப்பாதான், கிளட்ச் குழாய் மேலிருந்து எடுப்பதால் அளவு குறைந்தால் அதில்தான் முதலில் காற்று ஏறும். டப்பாவை நிரப்பி, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடி, குமிழி நிற்கும் வரை செய்யுங்கள். அதற்குப் பிறகும் கரகரத்தால்தான் பிளேட் தலைகீழா, ஹப் கோணலா என்ற கேள்வி.